பூஜ்ஜியம் எடுக்க ஒன்பது ஒத்திகை

நாற்பத்திரண்டு டேப்லெட்டுகள் ஒரே நேரத்தில் கைதட்டின.

சாதாரணக் கைதட்டல் இல்லை. பெரிய அரங்கம் ஒன்று எழுந்து நின்று தட்டுவது போன்ற கைதட்டல். அதன் மேல் எக்காளம். எக்காளத்தின் மேல் ஒரு பெண் குரல், "அருமை! நீங்கள் ஒரு நட்சத்திரம் வென்றீர்கள்!" என்று நாற்பத்திரண்டு முறை, ஒன்றுக்கு ஒன்று அரை நொடி பிந்தி. எட்டாம் வகுப்பு பி பிரிவின் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. பக்கத்து வகுப்பிலிருந்து கணக்கு வாத்தியார் சுவரில் டமடமவென்று அடித்தார்.

"டேய், சவுண்டைக் குறைங்கடா!" என்று கத்தினாள் சயின்ஸ் டீச்சர். "பாடமே இன்னும் ஆரம்பிக்கல. அதுக்குள்ள எதுக்கு நட்சத்திரம்?"

"ஆன் பண்ணதுக்கு மிஸ்," என்றார் கம்ப்யூட்டர் சார், வயர்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தபடி. "பசங்களுக்கு ஊக்கம் கொடுக்குதாம். கம்பெனிக்காரன் அப்படித்தான் வச்சிருக்கான்."

"பதினோரு வருஷமா காலையில எட்டரைக்கு நானும்தான் சார் ஆன் ஆகிறேன். ஒருத்தரும் ஒரு கை தட்டினதில்ல."

அது ஆறாவது ஒத்திகை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேலிடத்திலிருந்து பார்வையாளர் மேடம் வருகிறார். டிஜிட்டல் கருவிகளோடு, மாணவர்களே செய்து கற்கும் புது முறையில், சயின்ஸ் டீச்சர் நாற்பது நிமிடம் பாடம் நடத்துவதைப் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுவார். 'பரிந்துரைக்கிறேன்' என்ற கட்டத்தில் டிக் விழுந்தால் டீச்சருக்கு வேலை நிரந்தரம். பக்கத்துக் கட்டத்தில் விழுந்தால் இந்த மாதத்தோடு வீட்டுக்குப் போகலாம். பதினோரு வருடமாக வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டிருந்த ஒப்பந்தம்தான். ஆனால் நாற்பது வயது முடிந்தவர்களுக்குப் புதுப்பிப்பதும் இல்லை, நிரந்தரமாக்குவதும் இல்லை என்று விதி. டீச்சருக்கு அடுத்த மாதம் ஏழாம் தேதி நாற்பது முடிகிறது. பிறந்தநாளை நினைத்துக் கவலைப்படும் பெண்கள் ஊரெல்லாம் உண்டு. சுற்றறிக்கை எண்ணோடு சேர்த்துக் கவலைப்படுகிறவள் இவள் ஒருத்திதான்.

புது முறைக்காக வகுப்பறையே தலைகீழாகியிருந்தது. வரிசை வரிசையாக இருந்த பெஞ்சுகளை எடுத்துவிட்டு, ஏழு பேருக்கு ஒரு வட்டமாக ஆறு வட்டம் போட்டிருந்தார்கள். வட்டமாக உட்கார்ந்தால் சிந்தனை விரியும் என்று பயிற்சியில் சொன்னார்கள். வட்டமாக உட்கார்ந்தால் பாதிப் பேருக்குப் போர்டு முதுகுக்குப் பின்னால் போய்விடும் என்பதைச் சொல்லவில்லை. கதவருகே 'யோசி, ஜோடி சேர், சொல்' என்று பெரிய தட்டி. 'ஜோடி சேர்' என்பதைச் சுற்றி யாரோ இதயம் வரைந்திருந்தார்கள். எதிர்ச் சுவர்தான் 'சிந்தனைச் சுவர்'. மாணவர்கள் தங்களுக்குத் தோன்றியதை வண்ணச் சீட்டில் எழுதி அதில் ஒட்ட வேண்டும். அங்கே இருந்ததிலேயே அழகான கையெழுத்தில், 'அறிவியல் எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனெனில் அது என் சிந்தனையைத் தூண்டுகிறது' என்று எழுதியிருந்த பச்சைச் சீட்டு ஹெட்மாஸ்டருடையது.

நடைமுறை எளிது. முதலில் டேப்லெட்டில் முன் தேர்வு, பத்துக் கேள்வி, கேள்விக்கு நான்கு விடை. பிறகு பாடம். பாடம் முடிந்ததும் அதே பத்துக் கேள்வியில் பின் தேர்வு. இரண்டையும் ஒப்பிட்டு, 'கற்றல் வளர்ச்சி' இத்தனை சதவீதம் என்று திரையில் ஆளுயரத்துக்கு வரும்.

இதன் சூட்சுமத்தை முதலில் பிடித்தவர் ஹெட்மாஸ்டர்தான்.

"டீச்சர், கடைசியில வாங்கற மார்க் முக்கியமில்ல. வித்தியாசம்தான் முக்கியம். ஆரம்பத்துல எவ்வளவு பள்ளத்துல கிடக்கறோமோ, அவ்வளவு உசரம் தூக்கிவிட்டதா ஆகும்."

"சார், மிதக்கறது முழுகறது பாடத்தை நான் ரெண்டு மாசம் முன்னாடியே நடத்திட்டேன். பசங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சா என்ன? தெரியாத மாதிரி போடச் சொல்லுங்க. முன்னாடி தப்பு, பின்னாடி சரி."

"அது பொய்யில்லையா சார்?"

"என்ன டீச்சர் நீங்க? ஸ்கூல் நாடகத்துல ஒரு பையன் ராஜா வேஷம் போடறான். நீ பொய் சொல்றேன்னு யாராவது அவனைப் பிடிச்சு உள்ள போடறாங்களா?"

ஹெட்மாஸ்டர் சரித்திரம் படித்தவர். தோற்றுப்போன ராஜாக்கள் ஜெயித்ததாகக் கல்லில் வெட்டி வைத்ததையெல்லாம் இருபத்தைந்து வருடம் பாடமாக நடத்தியவர். அவரோடு வாதாடி யார் ஜெயிப்பது? டீச்சர் வாயைத் திறந்தாள். ஏழாம் தேதி ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

முதல் ஒத்திகையில் முன் தேர்வு சராசரி அறுபத்தொன்று. "இறக்குங்க," என்றார் ஹெட்மாஸ்டர். மூன்றாவதில் முப்பத்தெட்டு. "இன்னும் இறக்குங்க." ஆறாவதில் பதினான்கு வந்தது. அதற்குக் கீழே இறங்க மறுத்தது. காரணத்தைத் தேடிப்போனால், பாடத்தைக் கவனிக்காமல் குத்துமதிப்பாகத் தொடுகிறவர்கள் வட்டத்துக்கு வட்டம் இருந்தார்கள். மூன்றாவது வட்டத்தில் சுண்டு உட்கார்ந்திருந்தான். உருவம் சிறிது என்பதால் வந்த பட்டப்பெயர். டீச்சர் பாடம் நடத்திய வாரம் முழுக்க அவன் ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்துக்கு வெள்ளையடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

"டேய் சுண்டு, தப்பாப் போடச் சொன்னேன் இல்ல?"

"தப்பாத்தான் மிஸ் போட்டேன். அது சரியாப் போயிடுச்சு."

"இரும்புக் கப்பல் ஏன் மிதக்குதுங்கறதுக்கு எதைத் தொட்ட?"

"கப்பல் தள்ளிவிடற தண்ணியோட எடையும் கப்பலோட எடையும் சமம்னு ஒண்ணு இருந்துச்சு மிஸ். ரொம்ப நீளமா இருந்துச்சு. பார்த்தாலே தப்பு மாதிரி இருந்துச்சு."

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். அதே வட்டத்தில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். எதைச் சொன்னாலும் "மிஸ், ஒரு சந்தேகம்" என்று கை தூக்கியே பழகியதால் அவளை வகுப்பே 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடும்.

"மிஸ், இவனை நான் பார்த்துக்கறேன். டேய், இங்க வா. சரி எதுன்னு தெரியாம எப்படிடா தப்பாப் போடுவ?"

அவள் தன் சாப்பாட்டைச் சுற்றிவந்த அலுமினியத் தாளை இறுக்கி நசுக்கி உருட்டி, சோதனைக்கு வைத்திருந்த வாளித் தண்ணீரில் போட்டாள். முழுகியது. எடுத்துப் பிரித்து, விளிம்பை மடித்துக் கிண்ணம் போலச் செய்து போட்டாள். மிதந்தது.

"எடை மாறிச்சா?"

"இல்ல."

"அப்ப எது மாறிச்சு?"

சுண்டு நெற்றியைச் சுருக்கினான். "அடைக்கிற இடம்."

"அதனால?"

"தண்ணிய... அதிகமாத் தள்ளுது. தண்ணி திருப்பித் தாங்குது."

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"சரி, இப்ப தப்பாப் போடு."

அடுத்த பிரச்சினை, எந்தத் தப்பைப் போடுவது என்பது. "கப்பல் மிதக்கறதுக்குக் காரணம் இஞ்சின்னு போடலாம்டா," என்றான் ஒருவன். "போடா, இஞ்சினை நிறுத்தின கப்பல் முழுகிடுதா? உள்ள காத்து இருக்கறதாலன்னு போடு, அதுதான் நம்பற மாதிரி இருக்கும்," என்றாள் இன்னொருத்தி. பக்கத்து வட்டத்திலிருந்து ஒருவன், "காத்துன்னா மூடாத படகு ஏன் மிதக்குதாம்?" என்று சண்டைக்கு வந்தான். ஆறு வட்டத்திலும் கூச்சல். யாரோ குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் ரப்பரையும் சாவிக்கொத்தையும் போட்டுப் பார்த்தார்கள்.

டீச்சர் அதையெல்லாம் பார்க்கவில்லை. மேஜையில் குனிந்து, தினமும் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்தாள். 'குழு விவாதம்' என்ற இடத்தில், 'ஒத்திகை காரணமாக இன்று நடைபெறவில்லை' என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை காலை அடுப்படியில் அவள் கை ஓடவில்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற அவள் கணவன் டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"மொத்தம் எத்தனை ரிகர்சல்?"

"நேத்தோட ஒன்பது."

"ஆள் ஏத்தற லிஃப்டையே நாங்க நாலு தடவைதான் ஓட்டிப் பார்ப்போம்."

"உங்க லிஃப்ட் நேரா மேல போனாப் போதும். எங்களுது முதல்ல பாதாளத்துக்குப் போய்க் காட்டிட்டு அப்புறம் மேல வரணும்."

மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "அந்த வர்ற அம்மாகிட்ட வாய் தவறி வயசைச் சொல்லிடாத."

"படிவத்துல முதல் கட்டமே வயசுதான் அத்தை."

"அப்ப கொஞ்சம் நல்ல புடவையாக் கட்டிக்கிட்டுப் போ."

பார்வையாளர் மேடத்துக்காகப் பள்ளியில் சோபா போட்டிருந்தார்கள். அவர் அதைப் பார்த்து, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். பிறகு ஒரு மர நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு போய் மூன்றாவது வட்டத்தில் சுண்டுவின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டிய, பேச்சு குறைவான பெண்மணி. கையில் ஒரு நோட்டு, ஒரு பென்சில். டிஜிட்டல் முறையைச் சோதிக்க வந்தவர் கையில் பென்சிலைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் சாருக்கு மனசு சங்கடப்பட்டது.

டேப்லெட்டுகள் கைதட்டின. முன் தேர்வு ஒரே நிமிடத்தில் முடிந்தது. திரையில் சராசரி வந்தது.

பூஜ்ஜியம்.

டீச்சர் திரையை மறுபடி பார்த்தாள். ஒன்பதாவது ஒத்திகையில்கூட ஏழு இருந்ததே! கதவருகே நின்ற ஹெட்மாஸ்டரைப் பார்த்தாள். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அதற்குப் பிறகு பாடம் தண்டவாளத்தில் போவது போலப் போனது. யோசிக்க வேண்டிய இடத்தில் நாற்பத்திரண்டு பேரும் கன்னத்தில் விரல் வைத்து யோசித்தார்கள். ஆச்சரியப்பட வேண்டிய இடத்தில் "ஆ!" என்றார்கள். நான்காவது வட்டம் மட்டும் கல்லைத் தண்ணீரில் போடுவதற்கு முன்பே ஆச்சரியப்பட்டுவிட்டது. பின் தேர்வில் தொண்ணூற்றாறு. பிறகு 'கற்றல் வளர்ச்சி' என்று திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. வெகுநேரம் சுற்றியது. சுற்றி நின்றபோது எண்ணே இல்லை, படுக்கையாக, ஒட்டிய இரண்டு வளையல் போல ஒரு குறி மட்டும் இருந்தது.

"என்ன சார், எட்டு படுத்துக் கிடக்கு?" என்று ஹெட்மாஸ்டர் கிசுகிசுத்தார். "எட்டு பர்சென்ட்தானா?"

"எட்டு இல்ல சார், முடிவிலி," என்றார் கம்ப்யூட்டர் சார். "வளர்ச்சியை முன் தேர்வு மார்க்கால, அதாவது பூஜ்ஜியத்தால வகுத்திருக்கு. பாவம், அது என்ன பண்ணும்?"

"முடிவிலின்னா நூறை விடப் பெரிசா?"

"எல்லாத்தையும் விடப் பெரிசு சார்."

ஹெட்மாஸ்டர் முகம் மலர்ந்தது. டேப்லெட்டுகளுக்கு முன்பே அவர் கைதட்டினார். "மேடம், எங்க ஸ்கூல்ல வளர்ச்சிக்கு முடிவே கிடையாது!"

பார்வையாளர் மேடம் கைதட்டவில்லை. நோட்டில் எதையோ பெருக்கி, வகுத்தார்.

"நாற்பத்திரண்டு பேர், ஆளுக்குப் பத்துக் கேள்வி. முன் தேர்வுல மொத்தம் நானூத்தி இருபது பதில். நாலு விடையில ஒண்ணு சரி. கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டிருந்தாக்கூட நூறு பதிலாவது சரியா விழுந்திருக்கணும். ஒண்ணுகூட விழலியே சார், எப்படி?"

"பசங்க அவ்வளவு மக்கா இருந்தாங்க மேடம், எங்க டீச்சர் கை வைக்கறதுக்கு முன்னாடி."

"மக்கா இருந்திருந்தா அந்த நூறு பதில் சரியா வந்திருக்கும்னுதான் சொல்றேன்."

"கண்ணைத் திறந்துகிட்டுத் தொட்டிருப்பாங்க மேடம்," என்றார் ஹெட்மாஸ்டர்.

"சாஃப்ட்வேர் பிராப்ளமா இருக்கலாம்," என்று கம்ப்யூட்டர் சார் கையில் கிடைத்த கயிற்றை வீசினார். டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆமாம் மேடம் என்று ஒரு வார்த்தை போதும்.

மேடம் பக்கத்தில் திரும்பினார். "நீ சொல்லுப்பா. முன் தேர்வுல உனக்குப் பத்தும் ஏன் தப்பாச்சு?"

சுண்டு எழுந்தான். டீச்சரைப் பார்த்தான். "நான் மக்கு மேடம். எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப மிஸ் சொல்லித் தந்தப்புறம்தான் எல்லாம் தெரிஞ்சுது." காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன. அந்த வரியை யாரும் அவனுக்கு ஒத்திகை பார்த்துக் கொடுக்கவில்லை.

டீச்சரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நீ மக்கு இல்லடா, உக்காரு," என்றாள். "மேடம், பசங்களுக்கு எல்லாம் தெரியும். ரெண்டு மாசம் முன்னாடி நடத்தின பாடம் இது. தப்பாப் போடச் சொன்னது நான்தான். ஒன்பது நாள் அதுக்குத்தான் பழக்கினேன்."

"என்ன டீச்சர் இது! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!" என்று ஹெட்மாஸ்டர் நெஞ்சில் கை வைத்தார். ராஜா வேஷம் போட்ட எந்தப் பையனும் அவ்வளவு நன்றாக நடித்ததில்லை.

மூன்றாவது வட்டத்தில் ஒரு கை உயர்ந்தது.

"சார், ஒரு சந்தேகம். நேத்து சாயங்காலம் மிஸ் வீட்டுக்குப் போனப்புறம் கிளாஸுக்கு வந்து, பூஜ்ஜியம் எடுத்தா எல்லாரையும் டூர் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னது யாரு சார்?"

ஹெட்மாஸ்டரின் போன் அடிக்கவில்லை. ஆனாலும் அதைக் காதில் வைத்து, "சொல்லுங்க, சொல்லுங்க" என்றபடியே வெளியே போனார்.

பார்வையாளர் மேடம் சுண்டுவை விடவில்லை. "கப்பல் கேள்விக்கு எதைத் தொட்ட?"

"உள்ள காத்து இருக்கறதாலன்னு மேடம்."

"ஏன் அது?"

"இஞ்சின்னு போட்டா யாரும் நம்ப மாட்டாங்க மேடம். நிறுத்தின கப்பலும் மிதக்குதே. காத்துன்னா பாதி சரி மாதிரி தெரியும். விஷயம் தெரியாதவங்க அதைத்தான் தொடுவாங்க."

"விஷயம் தெரிஞ்சவங்க?"

சுண்டு வாளியைக் காலால் இழுத்தான். யாரிடமோ அலுமினியத் தாள் வாங்கி உருட்டினான், பிரித்தான், மடித்தான், மிதக்கவிட்டான். அதற்குள் நான்காவது வட்டம் குறுக்கே பாய்ந்தது. எங்கள் தப்புதான் இன்னும் நல்ல தப்பு என்று ஐந்தாவது வட்டம் வாதாடியது. மரக்கட்டை ஏன் மிதக்கிறது என்பதற்கு ஒன்பது வகையாகத் தவறாகச் சொல்ல முடியும் என்று ஒரு பெண் பட்டியலே வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் ஏன் தவறு என்றும் சொன்னாள். மேடம் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் தொடாததால் டேப்லெட்டுகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே அணைந்துபோயின. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

பிறகு, ஆய்வகத்தில், சோதனைக் குழாய் கழுவும் தொட்டி அருகே இருவர் மட்டும் நின்றார்கள். மேடம் படிவத்தை மேஜையில் விரித்தார். ஈரக் கையைத் துடைத்துவிட்டு, வயது எழுதிய கட்டத்தைப் படித்தார். டீச்சர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய் அத்தையிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

மேடம் 'பரிந்துரைக்கிறேன்' என்ற கட்டத்தில் டிக் போட்டார். கீழே, 'குழு விவாதம்: இதுவரை நான் பார்த்ததில் சிறந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டீச்சர் இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். "மேடம்... நான் ஏமாத்தினேனே?"

"ஏமாத்த வரலியே உங்களுக்கு."

"அந்த பூஜ்ஜியத்தைப் பார்த்ததும் எப்படி மேடம் டக்குனு பிடிச்சீங்க? நிறைய ஸ்கூல் பார்த்த அனுபவமா?"

பார்வையாளர் மேடம் படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு வேலை நிரந்தரமான அன்னிக்கு, என் பசங்களை நாலுல ஒண்ணு சரியாப் போடச் சொல்லியிருந்தேம்மா."